சாயங்கால வெந்நீர்

ஹீட்டர் சுடவில்லை என்று என் கணவர் சொல்ல ஆரம்பித்தது போன மார்கழியில். காலையில் நாங்கள் இருவருமே பச்சைத் தண்ணீரில் குளிக்கிறவர்கள். ஹீட்டர் அவருடைய கால்களுக்காக வாங்கியது. சாயங்காலம் போடி பஜாரிலிருந்து வந்ததும் குளியலறையில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, வாளி வெந்நீரில் கால்களை வைத்து உட்கார்ந்துவிடுவார். சர்க்கரை நோயாளி இப்படிச் செய்யக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், நானும் சொல்லியிருந்தேன். டாக்டருக்காவது தலையாட்டினார்.

"ஏ டீச்சரம்மா, ஒன் ஹீட்டரு செத்துப்போச்சு. வந்து பாரு."

நான் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவள். ஒரு கருவி வேலை செய்யவில்லை என்றால் எதற்குப் பின் எதைப் பார்க்க வேண்டும் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கேட்காமலே சொல்லியிருக்கிறேன் என்பது அவருடைய கட்சி.

மெயினை அணைத்தேன். மூடியைக் கழற்றி மீட்டர் வைத்துப் பார்த்தேன். காயில் கம்பி அறுந்திருக்கவில்லை. எங்கள் போர்வெல் தண்ணீருக்கு எதிலும் உப்பு படியும் என்பதால் மெக்கானிக்கை அழைத்துச் சுத்தம் செய்ய வைத்தேன். மறுநாள் காலை போட்டுப் பார்த்தபோது குழாயில் ஆவி பறந்தது. சாயங்காலம் உள்ளேயிருந்து மெக்கானிக்கைத் திட்டும் குரல் வந்தது: "இதுக்குப் பச்சத் தண்ணியே தேவல!"

காலையில் சுடுகிறது, சாயங்காலம் சுடவில்லை. விட்டு விட்டு வரும் கோளாறுதான் இருப்பதிலேயே மோசமானது. பார்க்கப் போனால் ஒளிந்துகொள்ளும். சாயங்காலம் வோல்டேஜ் இறங்குகிறதோ என்று அளந்தேன். இறங்கவில்லை. மெக்கானிக் மறுபடி வந்து தெர்மோஸ்டாட்டை மாற்றினார். மாற்றிவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"மெசின்ல ஒண்ணுமே இல்லையே, டீச்சர்."

"அவர் சுடலைங்கிறாரே."

"அவுக சொன்னாகன்னா இருக்கும். அவுக கையி தப்பாச் சொல்லாது. எங்கப்பா ஏலக்காய அவுககிட்டக் காட்டாம எடைக்குக் கொண்டுபோனதில்ல."

அது ஊரறிந்த கை. ஏலக்காய் வியாபாரத்தைத் தம்பியிடம் விட்டு வருடங்கள் ஆன பின்பும், புதுச் சரக்கு வந்தால் கடைக்காரர்கள் இவரைத்தான் கூப்பிடுவார்கள். மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு, கண்ணை மூடி ஒரு நிமிடம் நிற்பார். "அடியில ஈரமிருக்கு" என்பார். கொட்டிப் பார்த்தால் இருக்கும். ஈரம் அளக்க மெஷின் வந்தது. மெஷினைச் சரிபார்க்கவும் இவரையே கூப்பிட்டார்கள். அந்த அழைப்புக்காகத்தான் அவர் தினமும் வெள்ளைச் சட்டை போட்டுக் கிளம்பினார். எனக்கு அது தெரியும். எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

ஒரு சாயங்காலம் அவர் காலை நீட்டிப் படுத்திருந்தபோது கணுக்காலுக்கு மேலே நீர் கோத்த கொப்புளம் ஒன்றைப் பார்த்தேன். செருப்புக் கடி என்றார். செருப்பு கடிக்கிற இடமில்லை அது. ஹீட்டரைப் போய்ப் பார்த்தேன். சூட்டைக் கூட்டும் திருகைக் கடைசி வரை திருப்பி வைத்திருந்தார்.

என் மாணவர்களுக்கு வருடா வருடம் முதல் நாள் வகுப்பில் ஒன்று சொல்வேன்: கருவியைச் சந்தேகப்படுவதற்கு முன் அளக்கிறவரைச் சந்தேகப்படு. கழற்றி மாட்டி இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்த நான் அதை மட்டும் செய்திருக்கவில்லை. அந்தக் கையைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் வாளி நிரம்பியதும், அவர் காலை வைப்பதற்கு முன், பழைய ஆய்வக வெப்பமானியோடு உள்ளே போனேன்.

"என்ன, பரிச்சை வைக்கப் போறியா?" என்று சிரித்தார். தண்ணீருக்குள் கையை விட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கடையில் நிற்கிற அதே நிற்பு. "வெதுவெதுன்னுகூட இல்ல. நீயே பாரு."

நான் விரலை விட்டு உடனே இழுத்துக்கொண்டேன். பாதரசம் ஐம்பதைத் தாண்டி ஏறியது. அவர் கை அப்போதும் உள்ளேதான் இருந்தது. மணிக்கட்டைப் பிடித்து வெளியே எடுத்தேன். தோல் செக்கச் செவேலென்று இருந்தது.

அவர் என் விரலைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார்.

"அப்ப ஹீட்டரு நல்லாத்தான் இருக்காக்கும்?"

"நல்லாத்தாங்க இருக்கு."

கையைத் துண்டில் துடைத்தார். குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. "அந்த மெக்கானிக்குப் பயலுக்கு ஒரு போனப் போட்டுச் சொல்லிரு. பாவம், சும்மா வஞ்சுட்டேன்" என்றார்.

நரம்பு செத்துக்கொண்டு வருகிறது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று தேனி டாக்டர் சொன்னார். பொறுமையாகத்தான் சொன்னார். அவர் சொன்ன எதுவும் எனக்குப் புதிதில்லை.

அந்த வாரமே கடையிலிருந்து போன் வந்தது, புதுச் சரக்கு இறங்கியிருக்கிறது என்று. "மெசினு இருக்குல்லப்பா, அதுல பாத்துக்கங்க" என்று சொல்லி இவர் போனை வைத்துவிட்டார். வெள்ளைச் சட்டை அலமாரியிலேயே தொங்கியது.

வெந்நீர் இப்போது காலுக்கு இல்லை. குளிர் நாட்களில் உடம்பு துடைக்க மட்டும், நான் விளாவி வைக்கிறேன். பழக்கம் விடவில்லை. வாளிக்குள் கையை விடுகிறார். ஆனால் கண்ணை மூடுவதில்லை, என் முகத்தைப் பார்க்கிறார்.

"சரியா இருக்கா?" என்கிறார்.

நானும் கையை விட்டுப் பார்த்து, "சரியா இருக்குங்க" என்கிறேன்.