பேய் ஒரு பார்க்கில், பாட்டு இன்னொரு பார்க்கில்

போன வாரம் சென்னையில் ஒரு மாலுக்குப் போயிருந்தேன். நாலாவது மாடியில் ஒரு சினிமா ரைடு. சூப்பர் ஹிட் படம் ஒன்றின் பெயரில் ஒரு சின்ன ரயில் — இருட்டுக்குள் நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வெளியே வந்துவிடும். வாசலில் ஹீரோவின் ஆளுயரக் கட்-அவுட். எல்லாரும் அதோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருக்க, நான் மட்டும் மூலையில் குனிந்து ஒரு தகட்டைப் படித்துக்கொண்டிருந்தேன். உரிமம் யாருடையது, எதற்கெல்லாம் உண்டு, எதற்கெல்லாம் இல்லை... எறும்பு சைஸ் எழுத்தில் ஏகப்பட்ட வரிகள்.

"ரைடு அங்கே இருக்கு, நீ இங்கே என்ன பண்றே?" என்றாள் கூட வந்த தோழி.

எப்படிச் சொல்வேன்? இந்தப் பொடி எழுத்துகள் எங்கள் குடும்பத்தைப் படுத்திய பாடு அப்படி.

என் அக்கா ஸ்டெல்லாவின் கணவர் தங்கராஜ் அத்தானும், மணக்குடிக்காரரான பென்சிகரும் வளைகுடாவில் ஒரே தீம் பார்க்கில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவர்கள். அத்தான் ராட்டின மெக்கானிக். பென்சி அண்ணன் எலக்ட்ரீஷியன். ஒரே அறை, ஒரே குக்கர். ஊருக்குத் திரும்பி ஆரல்வாய்மொழிப் பக்கம் சேர்ந்து ஒரு பார்க் தொடங்குவது என்று அங்கேயே முடிவு செய்துவிட்டார்கள். நிலம் பார்த்தாயிற்று. பெயர் வைத்தாயிற்று. வாசலில் என்ன சிலை வைப்பது என்ற இடத்தில்தான் வண்டி குடை சாய்ந்தது.

அத்தானுக்கு யானை. கடற்கரைக்காரரான பென்சி அண்ணனுக்குச் சுறா.

"மலையடிவாரத்துல சுறா எங்கேருந்துலே வரும்?" என்றார் அத்தான்.

"அப்பம் ஒன் ஆன மட்டும் டிக்கெட் எடுத்துட்டா வரும்?" என்றார் பென்சி அண்ணன்.

அவ்வளவுதான். அரைக் கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு பார்க்குகள் முளைத்தன. மேற்கே சுறா, கிழக்கே யானை. ஆறு வருஷம் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவர் மூன்று சறுக்கு வைத்தால் அவர் நாலு. அவர் பஞ்சுமிட்டாய் போட்டால் இவர் மூன்று கலரில் பஞ்சுமிட்டாய். வருகிற கூட்டமோ ஒரு பார்க்குக்கே பற்றாது. அக்காவின் நகையெல்லாம் சிமெண்டாக மாறி யானையின் வயிற்றுக்குள் இருந்தது. அந்த யானையைப் பார்க்கும்போதெல்லாம் அக்கா கழுத்தைத் தடவிக்கொள்வாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பேய்ப் படம் வந்து ஊரையே ஆட்டி வைத்தது. படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன் — உரிமம் முடிந்துவிட்டது! பேய் சிவப்புப் பட்டுப்புடவை கட்டியிருக்கும். முட்டி வரை கூந்தல். பின்பக்கமாகவே நடந்து வரும். வருவதற்கு முன்னால் எங்கிருந்தோ ஒரு தாலாட்டு கேட்கும். அந்தத் தாலாட்டு ஆரம்பித்ததுமே தியேட்டரில் பாதிப் பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள். நானும்தான்.

அத்தான் போன் செய்தார். "மக்கா, நீ பத்திரிகையில எழுதுகவதானே? ஒனக்கு சினிமாக்காரங்களத் தெரியும்லா? அந்தப் பேய நம்ம பார்க்குக்குக் கொண்டு வரணும்."

எனக்குத் தெரிந்த ஒரே சினிமாக்காரர் எங்கள் தெரு சி.டி. கடைக்காரர். இருந்தாலும் அத்தான் கேட்டுவிட்டாரே... இரண்டு பேரும் சென்னைக்கு ரயில் ஏறினோம்.

படக் கம்பெனியின் சட்டப் பிரிவில் ஒரு ஒல்லியான மனிதர் இருந்தார். தலையணை மாதிரி ஓர் ஒப்பந்தத்தை எடுத்து வைத்தார்.

"படத்தோட பேர் உண்டு. பேயோட கெட்டப் உண்டு. ஹீரோ முகம் கிடையாது. ஹீரோயின் முகமும் கிடையாது."

"ஹீரோயின்தானே சார் பேய்?" என்றேன்.

"செத்ததுக்கு அப்புறம்தான் மேடம் பேய். அதுக்கு முன்னாடி இருக்கற முகம் வேற அக்ரிமெண்ட்."

ஒவ்வொரு பக்கமாகப் படித்தேன். பேய் எப்போதும் பின்பக்கமாகவே நடக்க வேண்டும். பார்வையாளர்களுக்குக் கை காட்டக் கூடாது. பேய் உடையில் இருக்கும்போது எதுவும் சாப்பிடக் கூடாது. பேயின் கண்ணியத்துக்குக் குறைவு ஏற்படும்படி எந்தக் காரியமும் நடக்கக் கூடாது...

"அந்தத் தாலாட்டு?" என்றார் அத்தான், பேனாவைத் திறந்தபடி.

"பாட்டு எங்ககிட்ட இல்ல சார், மியூசிக் கம்பெனிகிட்ட. ஆனா உங்க மாவட்டத்துக்குக் குடுத்துட்டாங்கன்னு கேள்வி. ஒரு மாவட்டத்துக்கு ஒருத்தருக்குத்தான் தருவாங்க. ரெண்டு வாரம் முன்னாடி ஒருத்தர் வந்து வாங்கிட்டுப் போனாராம். கழுத்துல ஏதோ மீன் பல்லு டாலர் போட்டிருந்தார்னு சொன்னாங்க."

அத்தான் முகம் கறுத்துவிட்டது. மாவட்டத்தில் சுறாப் பல் டாலரோடு திரிகிற பார்க் முதலாளி ஒரே ஒருவர்தான். ஆனாலும் கையெழுத்துப் போட்டார். பாட்டு போனால் போகட்டும், பேயாவது மிஞ்சட்டும் என்று.

திரும்பும்போது ரயிலில் கேட்டேன். "அத்தான், பென்சி அண்ணன் ஏன் பாட்டை மட்டும் வாங்கினார்?"

"அவன் அந்தப் படத்தயே பாத்திருக்க மாட்டான் மக்கா. பேய்னா அவனுக்கு உயிரே போயிரும். பதினோரு வருசம் ரூம்ல ராத்திரி லைட்ட அணைக்க விட்டதில்ல, தெரியுமா?" சொல்லிவிட்டு அத்தான் சிரித்தார். ஆறு வருஷத்தில் பென்சி அண்ணன் பேச்சை எடுத்துவிட்டு அவர் சிரித்தது அன்றுதான்.

பென்சி அண்ணன் லேசுப்பட்ட ஆள் இல்லை. இருபது பேர் உட்காருகிற ராட்சதத் தொட்டில் ஊஞ்சல் ஒன்றைக் கட்டி, ஸ்பீக்கர் வைத்து, அந்தத் தாலாட்டை ஓட விட்டார். தொட்டிலுக்குத் தாலாட்டு! எவ்வளவு பொருத்தம்?

நம் பக்கம் தகரக் கொட்டகைக்குள் கறுப்புத் துணி கட்டி, தண்டவாளம் போட்டு, ஒரு பேய் ரயில். பேயாக வேஷம் கட்டியவள் லீலா. தோவாளைக்காரி. காலையில் டிக்கெட் கவுண்டர், பதினோரு மணிக்கு மேல் பேய். ஒரு வாரம் பின்பக்கமாக நடந்து பழகினாள்.

"வீட்டுலயும் அப்பிடியே நடந்து பழகுகேன்க்கா. மாமியாரு பேச்சயே நிறுத்திட்டாவ" என்றாள் சந்தோஷமாக.

திறப்பு விழா படுதோல்வி. பாட்டு இல்லாத பேய் பேயாகவே இல்லை. "யாரு, கல்யாணப் பொண்ணா? ஏன் ரிவர்ஸ்ல போவுது?" என்று முதல் வரிசையில் ஒருவர் கேட்க, ரயில் முழுக்கச் சிரிப்பு. லீலா வெளியே வந்து அழுதாள். அழுவது பேயின் கண்ணியத்தில் சேருமா, சேராதா என்று நான் ஒப்பந்தத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஆனி மாதம் பிறந்தது.

ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனிக் காற்று எப்படி வீசும் என்று தெரியாதவர்கள் அங்கே குடையை விரித்துப் பார்க்கலாம். மேற்கே இருந்து கிழக்கே அடிக்கும். ஒரு நாள் மதியம் அந்தக் காற்று பென்சி அண்ணன் பார்க்கிலிருந்து தாலாட்டை அள்ளிக்கொண்டு வந்து, நம் தகரக் கொட்டகையின் இடுக்கு வழியாக உள்ளே ஊதியது. விட்டு விட்டு... தேய்ந்து தேய்ந்து... தியேட்டரில்கூட அப்படிக் கேட்டதில்லை. அந்த நேரம் பார்த்து லீலா பின்பக்கமாக வந்தாள்.

அலறிய அலறலில் கொட்டகை அதிர்ந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையே டிக்கெட் வரிசை வாசல் யானையைத் தாண்டி நின்றது. வந்தது வக்கீல் நோட்டீஸ்! 'எங்கள் கட்சிக்காரர் உரிமம் பெற்ற பாடலைத் தாங்கள் அனுமதியின்றிப் பயன்படுத்துகிறீர்கள்.'

அத்தான் சொல்லச் சொல்லப் பதில் எழுதியது நான்தான். 'பாடலை நாங்கள் எடுக்கவில்லை, காற்று கொண்டுவருகிறது. காற்றின் மீது தாங்கள் நடவடிக்கை எடுப்பதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.'

பென்சி அண்ணன் ஸ்பீக்கரைத் திருப்பி வைத்துப் பார்த்தார். காற்று அதையும் மதிக்கவில்லை. சத்தத்தைக் குறைத்தார். தொட்டிலில் இருந்தவர்கள் 'பாட்டு கேக்கல' என்று சண்டைக்கு வந்தார்கள். மறுபடியும் கூட்டினார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு போட்ட பாட்டில் எங்கள் பேய் ஜம்மென்று நடந்தது.

எல்லாம் ஆடி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை வரைதான்.

அன்று மதியம் மூன்று மணி. 'ஒரு தடவயாவது ஏறிப் பாரு மக்கா' என்று அத்தான் என்னையும் ரயிலில் ஏற்றிவிட்டார். மொத்தம் பன்னிரண்டு பேர். என் பக்கத்தில் திருவட்டாற்றிலிருந்து வந்த ஒரு அம்மா. ரயில் நடுவழிக்குப் போனபோது பொசுக்கென்று நின்றது. பவர் கட்! வெளியே நூற்றுக்கணக்கில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்க, உள்ளே கும்மிருட்டு. நம் ஜெனரேட்டர் இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கிவிட்டது.

பென்சி அண்ணனின் ஜெனரேட்டருக்கு ஒன்றும் இல்லை. அதனால் பாட்டு மட்டும் நிற்கவில்லை.

கும்மிருட்டில், எப்போது முடியும் என்று தெரியாமல், அந்தத் தாலாட்டைக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டேன். பக்கத்து அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் நெளிந்தது. யாரோ இறங்கி ஓடிச் சுவரில் மோதினார்கள். அந்த அம்மாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இழுப்பு உண்டாம். மருந்து வெளியே மகளின் பையில்.

வெளியேறும் வழி தெரிந்த ஒரே ஆள் லீலா. பாவம், நல்ல எண்ணத்தில்தான் செல்போன் டார்ச்சைப் போட்டாள். வெளிச்சம் கீழேயிருந்து முகத்தில் விழுந்தது.

"பயப்படாதீங்க! எல்லாரும் என் பொறத்தால வாங்க!"

யார் போவார்கள்? அலறல் இரண்டு மடங்கானது. ஒருவர் செருப்பைக் கழற்றி எறிந்தார்.

"நான் பேயில்ல, லீலா! காலையில டிக்கெட் தந்தேன்லா! சில்லற கேட்டேன்லா!" என்று அவள் கத்தியதைக் கேட்க அங்கே யாரும் இல்லை. அடுத்த செருப்பில் போனும் பறந்து அணைந்தது. அந்த நேரம் வாசல் பக்கம் தடால் என்று ஒரு சத்தம். "அம்மோ!" என்ற குரல் அத்தானுடையது. வெளிச்சம் எதுவும் எடுக்காமல் ஓடி வந்து தண்டவாளத்தில் கால் மாட்டி விழுந்துவிட்டார்.

திடீரென்று பாட்டு நின்றது.

பென்சி அண்ணன் பிறகு சொன்னார். நம் கொட்டகை அலறல் தினமும் அவருக்குக் கேட்கும், ஒரு நிமிஷத்தில் அடங்கிவிடும். அன்று அடங்கவில்லை. வேறு மாதிரி இருந்ததாம். பாட்டை நிறுத்திவிட்டு, எமர்ஜென்சி லைட்டைத் தூக்கிக்கொண்டு அரைக் கிலோமீட்டர் ஓடி வந்திருக்கிறார்.

வாசலில் குரல் கேட்டது. "எலே தங்கராசு! உள்ளயா கெடக்க?"

"கெடக்கேன்லே. காலு போச்சு. நீ உள்ள வராத பென்சி, இது பேய் வீடு!"

"ஒன்னட்ட யோசன கேட்டனா?"

உள்ளே வந்தார். சத்தமாக ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தார். லைட் வெளிச்சம் பட்டதும் லீலா அவரை நோக்கி ஓடினாள் — பழக்க தோஷத்தில் பின்பக்கமாக.

நாங்கள் பன்னிரண்டு பேரும் சேர்ந்து போட்ட அலறல் பென்சி அண்ணனின் அந்த ஒரு அலறலுக்கு உறை போடக் காணாது. ஆனால் அவர் ஓடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டார். லைட்டை மட்டும் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார். மூடிய கண்ணோடு, சுவரைத் தடவித் தடவி, முன்னால் நடந்தார்.

"அண்ணே, நேரா வாங்க... கொஞ்சம் எடது... படி இருக்கு" என்று பேய் வழி சொல்லிக்கொண்டே போனது.

கண்ணை மூடியவர் பிடித்த வெளிச்சத்தில் நாங்கள் எல்லாரும் பின்வாசல் வழியாக வெளியே வந்தோம். திருவட்டாற்று அம்மாவுக்கு மருந்து கிடைத்து, மூச்சு சீரானது. பென்சி அண்ணன் மறுபடியும் உள்ளே போய், அதே மூடிய கண்ணோடு, அத்தானைத் தூக்கிக்கொண்டு வந்தார். வெயில் முகத்தில் பட்ட பிறகுதான் கண்ணைத் திறந்தார்.

அவருடைய தம்பியின் மீன் வண்டியில் நாகர்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அத்தான் காலில் மாவுக்கட்டு. கட்டிலுக்கு இந்தப் பக்கம் அக்கா, அந்தப் பக்கம் பென்சி அண்ணன்.

"ஆன நல்லாத்தாம்லே இருக்கு" என்றார் பென்சி அண்ணன், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

"சுறாவும் கொள்ளாம். வாயி மட்டும் கொஞ்சம் பெருசு" என்றார் அத்தான்.

அக்கா எழுந்து வெளியே போய்விட்டாள். அழத்தான்.

அடுத்த மாதமே இரண்டு பார்க்குக்கும் ஒரே டிக்கெட். ஒழுங்காகச் செய்வோம் என்று, பேயையும் பாட்டையும் முறைப்படி சேர்த்துக்கொள்ள அனுமதி கேட்டுக் கம்பெனிக்கு எழுதினேன். பதில் வந்தது. பேயும் பாட்டும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அது 'காட்சி' ஆகிவிடுமாம். காட்சிக்குத் தனி ஒப்பந்தமாம்! விட்டுவிட்டோம். காற்று பார்த்துக்கொள்ளும்.

முகம் ஒருவருக்கு, புடவை ஒருவருக்கு, தாலாட்டு ஒருவருக்கு என்று ஒரு படத்தை எத்தனை கூறு போட்டு விற்கிறார்கள்! வாங்கியவர்கள் என்னவோ ஒன்றாகச் சேர்ந்தால்தான் பிழைக்க முடிகிறது.

இரண்டு வருஷத்தில் வேறொரு படம், வேறொரு பேய். பழைய பேயைப் பார்த்து யாரும் பயப்படவில்லை. ஒப்பந்தமும் முடிந்தது. கம்பெனியிலிருந்து கடைசிக் கடிதம் — மேற்படி பேய் இனி எங்கள் வளாகத்தில் இல்லை என்று பொறுப்பான ஒருவர் எழுத்துமூலம் உறுதி தர வேண்டுமாம். அதற்குள் இரண்டு பார்க்குக்கும் சேர்த்து மேலாளர் ஆகியிருந்தவள் லீலா. நான் எழுதிக் கொடுத்தேன், அவள் கையெழுத்துப் போட்டுச் சீல் வைத்தாள்.

'இங்கே பேய் இல்லை' என்று பேயே எழுதிக் கொடுத்தாயிற்று... இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?