வெள்ளவத்தைக்கு நான் அனுப்பிய அந்தி

நான் இருக்கும் ஊரில், ஆனி மாதத்தில் இருட்டைக் கடையில் வாங்க வேண்டும். நோர்வேயின் வடக்கு இது. அந்த நாட்களில் சூரியன் மறைவதேயில்லை. சனங்கள் ஜன்னலில் தடித்த கறுப்புத் திரை போட்டுத்தான் தூங்குகிறார்கள். முதல் வருடம் நானும் வாங்கப் போனேன். “சோவர் டு டோர்லி?” என்று கடைக்காரப் பெண் இரக்கத்தோடு கேட்டாள். நித்திரை வருவதில்லையா என்கிறாள். எனக்கோ அந்தத் துணியைக் கண்டதும் முன்பு நாங்கள் நாடகம் போட்ட கொட்டாஞ்சேனை மண்டபத்து மேடையின் பக்கத்திரைதான் நினைவுக்கு வந்திருந்தது. என் அரைகுறை நோர்வேஜிய மொழியில் “நாடகம், நாடகம்” என்றேன். அவள் முகம் மலர்ந்தது. உள்ளே போய், பிள்ளைகளின் அறைக்கென்று வெள்ளி நட்சத்திரம் அச்சடித்த திரையொன்றை எடுத்து வந்தாள். மறுக்கத் தெரியாமல் வாங்கிவந்தேன். அதுதான் இன்றைக்கும் என் ஜன்னலில் தொங்குகிறது.

கொழும்பில், வெள்ளவத்தையில் இருந்த காலத்தில் நான் ஒரு நாடகக் குழுவுக்கு லைட் போட்டவன். குழுவை நடத்துகிற ரஞ்சி அக்கா ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. ஒத்திகையும் மேடையேற்றமும் கொட்டாஞ்சேனையில், ஒரு தேவாலய மண்டபத்தில். விளக்குகளை வாடகைக்குக் கொண்டுவருகிற ரிஸ்வான் என் வயதுக்காரன், கூட்டாளி. நிறம் வேண்டுமென்றால் புறக்கோட்டையில் வாங்கிய கண்ணாடித்தாளை விளக்கின் முன்னால் கட்டுவோம். அது சூட்டில் சுருங்கி, இரண்டாம் காட்சிக்குள் நிலவு பாதி நீலம், பாதி வெள்ளை ஆகிவிடும். இங்கே வந்த பிறகு நான் காசு அனுப்புகிறவன் ஆனேன். நாடகத் துண்டுப்பிரசுரத்தின் அடியில் ‘நன்றி’ என்ற சொல்லுக்குக் கீழே, கேக் கொடுத்த பேக்கரிக்கும் கதிரை கொடுத்தவருக்கும் நடுவில் என் பெயர் வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் என்னைக் குழுவிலிருந்து வெட்டிவிட்டார்கள் என்றே தோன்றும். அதனால்தான் இந்த வருடம் ரஞ்சி அக்கா கோல் எடுத்து, “லைட்டை இந்த முறை நீயே செய்யடா தம்பி. அங்கையிருந்தே எல்லாம் இன்டர்நெட்டில செய்யலாமாமே” என்றபோது, கையிலிருந்த கோப்பியை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் நடக்கத் தொடங்கினேன்.

உண்மையிலேயே எல்லாம் கிடைக்கிறது. ஒரு பல்கலைக்கழகம் ஒளியமைப்புப் பாடங்களை இலவசமாக ஏற்றிவைத்திருக்கிறது. நிறத்தாள்களை இலக்கம் இலக்கமாகத் தட்டிப் பார்க்கலாம். அருங்காட்சியகத் தளங்களில் மேடை அரசிகளின் உடைகளைப் பின்பக்கத்துக் கொக்கி வரைக்கும் பெரிதாக்கிப் பார்க்கலாம். எங்கள் பெண்கள் வீட்டில் போடுகிற ஹவுஸ்கோட் மட்டும் இல்லை. எங்கள் நாடகத்தில் வருகிற தாய்க்கு அதுதான் உடை. தேடினால் பட்டு அங்கி போட்டுச் சுருட்டுப் பிடிக்கும் பிரபுக்கள் வந்து நிற்கிறார்கள். சொன்னேன். “விடடா, என்ரது கொடியில காயுது” என்றார் அக்கா.

பிறகு ஒரு மென்பொருள் கிடைத்தது. மண்டபத்தின் நீள அகலத்தைக் கொடுத்தால் கணினியில் வெறும் மேடை ஒன்று எழும்பும். விளக்குகளை நாமே தூக்கி மாட்டலாம், எந்தக் கதிரையிலும் இருந்து பார்க்கலாம். பாடசாலை ஒன்றில் பராமரிப்பு வேலை எனக்கு. அது முடிந்து வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அந்த மண்டபத்தின் கடைசி வரிசையில் போய் இருந்துகொள்வேன்.

நாடகம் தெருவுக்குத் தெரு சோதனைச்சாவடிகள் இருந்த யுத்த காலத்தைப் பற்றியது. வெள்ளவத்தையில் வாடகை அறையொன்றில் தங்கியிருக்கும் தாய், வெளிநாடு போன மகனை நினைத்து மாலையில் கடற்கரைக் கல்லில் வந்து இருப்பாள். இருட்டுவதற்குள் ரயில் பாதையைக் கடந்து தன் அறை இருக்கிற ஒழுங்கைக்குள் வந்துவிட வேண்டும். ஒருநாள் பிந்திவிடுகிறாள். நாடகமே அந்த அந்தியில்தான் நிற்கிறது. செம்மஞ்சள், ரோஜா, ஊதா, கடைசியில் சாம்பல் நீலம் என்று அதை நான் அடுக்கினேன். அது சித்திரை மாதம். என் ஜன்னலுக்கு வெளியே வானம் மணிக்கணக்கில், ஆறுதலாக நிறம் மாறிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத் திருத்தினேன். இவ்வளவு நல்ல வேலை நான் செய்ததேயில்லை என்ற பெருமையோடு அனுப்பிவைத்தேன்.

ஒத்திகையிலிருந்து ரிஸ்வான் கோல் எடுத்தான். “மச்சான், ஒங்கட சூரியன் எறங்குறதே இல்லையே!” பின்னால் எல்லோரும் சிரித்தார்கள். ரஞ்சி அக்கா போனை வாங்கினார்.

“தம்பி, ‘இன்னும் வெளிச்சம் கிடக்குத்தானே’ எண்டு அவ சொல்லி வாய் மூடமுன்னம் இருட்ட வேணும். நீ போட்டதில அவ வீட்ட போய்ப் புட்டும் அவிச்சுப்போட்டுத் திரும்பி வரலாம்.”

“வானத்தைப் பாத்துத்தானே அக்கா செய்தனான்.”

“எந்த வானத்தை?”

நான் ஜன்னலைத் திரும்பிப் பார்த்தேன். அக்கா, “சரி, ரிஸ்வான் பாத்து மாத்துவான். நீ யோசியாதை” என்று வைத்துவிட்டார்.

அந்த அந்தி எனக்குத் தெரியாததா? வகுப்பு முடிந்து ‘காலி வீதி’ என்ற பெருந்தெருவில் பஸ்ஸை விட்டு இறங்கும்போது வெளிச்சம் இருக்கும். ஒழுங்கைக்குத் திரும்பும்போது இருக்காது. சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தொட்டுத் தொட்டு ஓடியிருக்கிறேன். ஒருமுறை சாவடியில் ஆமிக்காரர் டோர்ச் வெளிச்சத்தை முகத்தில் அடித்து, “கொஹேத யன்னே?” என்று கேட்டார்கள். எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு, வீட்டுக்கு என்று சொல்ல எனக்குச் சிங்களம் தெரியும். ஆனாலும் “கெதர” என்ற அந்த ஒரு சொல் வரவில்லை. இப்போது எனக்கு அந்தி என்றால் கோப்பி ஊற்றிக்கொண்டு ஜன்னலோரம் நின்று பார்க்கிற அழகு. பயம் எப்போது விட்டுப் போனதென்றுகூடத் தெரியவில்லை. அது போக வேண்டுமென்றுதான் நாட்டை விட்டே வந்தேன். சந்தோஷப்பட வேண்டியவன், சப்பாத்தோடு கட்டிலில் இருந்து அழுதேன்.

ஆனியில் நாடகம் மேடையேறியது. அங்கே மாலை, இங்கே சுள்ளென்ற வெயில். நட்சத்திரத் திரையை இழுத்து மூடிவிட்டுக் கைபேசியில் பார்த்தேன். அக்காவின் ஹவுஸ்கோட்டைப் போட்டுக்கொண்டு அந்தத் தாய் கல்லிலிருந்து எழும்பினாள். “இன்னும் வெளிச்சம் கிடக்குத்தானே” என்றாள். மேடை சட்டென்று இருண்டது. சபையில் ஒரு பெண்ணின் குரல் தன்னை மறந்து, “ஐயோ, ஓடம்மா!” என்றது. என் கை தானாகச் சட்டைப்பையைத் தொட்டது.

முடிந்ததும் அக்கா துண்டுப்பிரசுரத்தைப் படம் எடுத்து அனுப்பினார். இந்த முறை ‘நன்றி’க்குக் கீழே என் பெயர் இல்லை. மேலே, ‘ஒளியமைப்பு’ என்ற இடத்தில் இருந்தது. ரிஸ்வானின் பெயர் விளக்கு வாடகை என்ற வரியில். உடனே கோல் எடுத்தேன்.

“அக்கா, அது என்ர லைட் இல்லை. ரிஸ்வான்ர பேரைப் போட்டிருக்கோணும்.”

“அவன்தான்டா உன்ர பேரைப் போடச் சொன்னவன். இருக்கட்டும். நீ எங்கட ஆள்தானே.”

நான் ஓம் என்றேன். போனை வைத்த பிறகும் அறையின் திரையைத் திறக்க மனம் வரவில்லை. கணினியில் அந்த மண்டபத்தைத் திறந்தேன். அங்கே ஒருவரும் இல்லை. வழக்கம்போலக் கடைசி வரிசையில் இருந்துகொண்டு, எந்தச் சபையும் பார்த்திராத என் அந்தியை ஓடவிட்டேன். ஜன்னல் திரையின் ஓரத்தால் உள்ளே வந்த வெயில் என் முழங்காலில் விழுந்தது. செம்மஞ்சள் போய் ரோஜா வந்தது. இனி இருட்டிவிடும், எழும்பி வீட்டுக்குப் போகலாம் என்று காத்திருந்தேன்.