பீச்சாங்கையால் ஒரு டிக்கெட்

மெல்பேர்னில் எந்த ட்ராம் எங்கே போய் முடியும் என்று கேட்டால் யோகராணி யோசிக்காமல் சொல்லுவாள். 1973இல் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இறங்கியவள் முதல் ஆறு மாதமும் வேலை தேடி அலைந்ததைவிட ட்ராமில் அலைந்ததுதான் அதிகம். கணவன் தேவராஜா படிக்கப் போனதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவாள். முதலில் வருகிற பச்சை ட்ராமில் ஏறித் தண்டவாளம் முடிகிற இடம்வரை போவாள். அங்கே கண்டக்டர் இறங்கி, கூரைமேல் இருக்கும் நீளக் கம்பத்தைக் கயிற்றால் இழுத்துப் பணியவைத்துவிட்டு, மறுமுனைக் கம்பத்தை மின்கம்பியில் கொளுவுவார். சில நேரம் நீலப் பொறி பறக்கும். அதைப் பார்த்துவிட்டு அதே ட்ராமில் திரும்புவாள்.

கூயோங்கில் ரயில் பாதையும் ட்ராம் பாதையும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றன. ரயிலின் மின்சாரம் வேறு, ட்ராமின் மின்சாரம் வேறு. இரண்டும் சண்டை பிடிக்காமல் எப்படிக் கடக்கின்றன என்று அரை நாள் அங்கே நின்று கவனித்தாள். ஒரு காலத்தில் நிலத்துக்கடியில் ஓடிய இரும்புக் கயிறு ட்ராம்களை இழுத்தது என்று அறிந்ததும், அந்தக் கயிற்றை ஓட்டிய பழைய எஞ்சின் கட்டடங்களைத் தேடிப் போனாள். சிட்னிக்குப் போனபோது உறவினர்கள் ஓப்பரா மாளிகையைக் காட்ட நின்றார்கள். இவள் பக்கத்து மலைநாட்டில் கட்டூம்பாவுக்குப் போய், மலைச்சரிவில் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்கும் கயிற்று ரயிலில் மூன்று தரம் ஏறி இறங்கினாள். ஓடிக்கொண்டிருந்த ட்ராம்களை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டுத் தார் பூசிய ஊர் என்று சிட்னியையும் திட்டிவிட்டு வந்தாள்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கியவள் அவள். இங்கே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வேண்டுமானால் இன்னும் மூன்று வருடம் படி என்றார்கள். "ஒளி பேராதனையில் ஒரு வேகத்திலும் மெல்பேர்னில் வேறு வேகத்திலும் போகிறதா?" என்று அந்த அலுவலகத்தில் கேட்டாள். கவுண்டரில் இருந்தவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நிறத்தைப் பார்த்து நாட்டுக்குள் ஆள் சேர்த்த சட்டம் அப்போதுதான் செத்திருந்தது. அதன் பழக்கம் சாகவில்லை.

ட்ராம் டிப்போவில் மட்டும் கண்டக்டருக்கு ஆள் வேண்டும் என்று பலகை தொங்கியது. யோகராணி தோல்பையைத் தோளில் மாட்டினாள். மெல்பேர்னில் அன்றைக்கு இருந்த தமிழ்க் குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம். அத்தனை குடும்பமும் அதைப் பற்றிப் பேசின. "பட்டதாரி போய் ட்ராமிலை ரிக்கற் கிழிக்கிறாளாம்" என்று டாக்டர் வீடுகளில் பெருமூச்சு விட்டார்கள். கிழிப்பது டிக்கெட் என்றால் கேவலம், மருந்துச் சீட்டு என்றால் கௌரவம். ஏழு கடல் தாண்டியும் நம்மவர்கள் பெட்டியில் வைத்து மறக்காமல் கொண்டுவந்த சாமான் இது.

அவளுக்கு அதில் கவலை இல்லை. அவளுடைய கண் ட்ராமின் முன்பக்கத்தில் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்திலேயே பெண்களைக் கண்டக்டர் வேலைக்கு எடுத்தவர்கள், ட்ராம் ஓட்டும் கைப்பிடியைத் தொட மட்டும் விடவில்லை. பெண்ணுக்கு அந்தப் பலம் போதாது என்றார்கள். மூன்று பிள்ளையையும் ஒரு மூட்டையையும் தூக்கிக்கொண்டு ஓடுகிற ட்ராமில் ஏறும் பெண்ணை அவர்கள் பார்த்ததே இல்லைபோலும். 1975இல்தான் அந்தக் கதவு திறந்தது. அடுத்த வருடமே யோகராணி பயிற்சிக்கு விண்ணப்பித்தாள். பெயர் பட்டியலில் ஏறியது. ஆனால் டிக்கெட் பார்க்கும் இன்ஸ்பெக்டரின் முறைப்பாடு மூன்று சேர்ந்தால் பெயரை அடித்துவிடுவார்கள். அவளுக்கு ஏற்கெனவே இரண்டு வந்துவிட்டது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். மற்றக் கண்டக்டர்கள் வலக்கையால் காசை வாங்கிப் பைக்குள் போடும்போதே இடக்கையால் டிக்கெட்டை நீட்டிவிடுவார்கள். யோகராணி வலக்கையால் காசை வாங்கி, வலக்கையால் பையில் போட்டு, வலக்கையாலேயே டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பாள். கூட்டமான ட்ராமில் பாதிப் பேருக்கு டிக்கெட் போய்ச் சேராது.

கோயிலுக்குப் போகாதவள், ராகுகாலத்தில் தாலியில்லாமல் பதிவுக் கல்யாணம் செய்தவள், செவ்வாய் வெள்ளி பார்க்காமல் மாட்டிறைச்சி அடைத்துச் சுட்ட 'பை' பலகாரம் சாப்பிடுகிறவள். ஆனால் பீச்சாங்கையை நீட்டி ஒரு மனுசருக்கு ஒன்றைக் கொடுக்கவேண்டும் என்றால் கை தானாக மடங்கியது. மூளையை விட்டுப் போனது முழங்கைக்குள் ஒளிந்திருந்தது.

"அப்ப இண்டையிலிருந்து எனக்கு எல்லாம் பீச்சாங்கையாலை தாரும்," என்றான் தேவராஜா.

வீட்டுக் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில், பயிற்சி நடந்தது. கதிரைகளை இரண்டு வரிசையாகப் போட்டார்கள். அவன்தான் எல்லாப் பயணியும்.

"சென் கில்டாவுக்கு ஒண்டு."

"இந்தாங்கோ."

"வலக்கை வருகுது."

"வரேல்லை. இடக்கைதான்."

"இடக்கை எண்டால் ஏன் அதை வலக்கை பிடிச்சுக்கொண்டு வருகுது? உமக்கென்ன, பிரசாதமே தாறீர்?"

அவள் சிரித்ததில் டிக்கெட் கட்டு சிதறியது. இரண்டு கிழமை, பதினாலு நாளும், இடக்கையாலேயே தேத்தண்ணி கொடுத்தாள், இடக்கையாலேயே சோறு போட்டாள். இரண்டாவது கிழமை முடிவில் தேவராஜா குடிகாரனாக, கிழவியாக, மிச்சக் காசுக்குச் சண்டை பிடிப்பவனாக மாறி மாறி ஏறியும் அவளைப் பிந்தவைக்க முடியவில்லை.

அந்தச் சனிக்கிழமை உதைபந்தாட்டம். நகரத்திலிருந்து மைதானத்துப் பக்கம் போகும் ட்ராமில் சால்வையும் கொடியுமாகச் சனம் பிதுங்கியது. யோகராணி வலக்கையால் வாங்கி இடக்கையால் கொடுத்துக்கொண்டே கூட்டத்தைப் பிளந்து போனாள். ஸ்பிரிங் தெருவில் பின்வாசலால் இன்ஸ்பெக்டர் ஏறினார். ஏறியதும் டிக்கெட் பார்க்கத் தொடங்கினார். ஒருவர் விடாமல் எல்லோரிடமும் டிக்கெட் இருந்தது.

முன்பக்கத்தில் மிஸிஸ் ஜெயரட்ணம் நின்றார். டாக்டர் ஜெயரட்ணத்தின் மனைவி. சந்தையில் வாங்கிய மீனும் கத்தரிக்காயும் நிறைந்த பை முழங்கையில் தொங்கியது. அவர் கொடுத்த காசு யோகராணியின் வலக்கையால் தோல்பைக்குள் விழுந்தது. இடக்கையால் டிக்கெட் வந்தது. மிஸிஸ் ஜெயரட்ணம் அதை வாங்கவில்லை.

"என்ன பிள்ளை இது? பீச்சாங்கையாலை தாறீர்?"

"இஞ்ச இப்பிடித்தான் அன்ரி. பிடியுங்கோ."

"வெள்ளைக்காரருக்குக் குடும். எனக்கு வலக்கையாலை தாரும்."

இன்ஸ்பெக்டருக்கும் மிஸிஸ் ஜெயரட்ணத்துக்கும் நடுவே நான்கு பேர்தான். காசு கொடுத்த பயணியிடம் டிக்கெட் இல்லையென்றால் அது மூன்றாவது முறைப்பாடு. கை மாற்றிக் கொடுத்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். யோகராணியின் வலக்கை பாதித் தூரம் எழும்பியது. அதைப் பார்த்ததும் அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது. கையை இறக்கினாள்.

"அன்ரி, உங்கட வலக்கை எங்கை?"

மிஸிஸ் ஜெயரட்ணம் அண்ணாந்து பார்த்தார். வலக்கை தலைக்கு மேலே தோல்வாரைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தது.

"அதை விட்டால் விழுந்திடுவன்."

"விடாதேங்கோ. எனக்குக் காசு தந்தது எந்தக் கையாலை?"

மிஸிஸ் ஜெயரட்ணம் தன் இடக்கையைப் பார்த்தார். பிறகு யோகராணியைப் பார்த்தார்.

"அது... வேறை வழியில்லாமல்."

"எனக்கும் அதேதான் அன்ரி. பீச்சாங்கைக்குப் பீச்சாங்கை. சரிக்குச் சரி."

பக்கத்தில் கறுப்பு மஞ்சள் சால்வை கட்டி நின்ற கிழவருக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் "அந்த அம்மாவிடம் டிக்கெட்டைக் கொடம்மா" என்று ஆங்கிலத்தில் பரிந்து பேசினார். மிஸிஸ் ஜெயரட்ணத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு, இடக்கையை நீட்டி டிக்கெட்டைப் பிடுங்கினார்.

இன்ஸ்பெக்டர் வந்து அதைப் பார்த்தார். "என்ன தகராறு?"

"ஒன்றுமில்லை," என்றார் மிஸிஸ் ஜெயரட்ணம், தன் கான்வென்ட் ஆங்கிலத்தில். "இந்தப் பெண் மிகவும் ஒழுங்காக வேலை செய்கிறாள். இதையும் எழுதிக்கொள்ளும்."

இன்ஸ்பெக்டர் எதையும் எழுதவில்லை. எழுதாததே போதும். பட்டியலில் பெயர் நின்றது.

ஐந்து கிழமை கழித்து, ஆள் ஏற்றாத பயிற்சி ட்ராமில் யோகராணி முன்பக்கத்தில் நின்றாள். பயிற்சி கொடுப்பவர் ஸ்தாவ்ரோஸ் என்ற கிரேக்கர். அவர் ஏதென்ஸில் வக்கீலாக இருந்தவர்.

"இதற்கு முன் என்ன ஓட்டியிருக்கிறாய்?"

"சைக்கிள்."

"நல்லது. கார் ஓட்டியவர்கள்தான் தண்டவாளத்தில் வந்தும் திருப்பப் பார்க்கிறார்கள்."

புறப்படச் சொல்லி மணி இரண்டு தரம் அடித்தது. கைப்பிடியை ஒரு படி நகர்த்தினாள். பதினேழு தொன் இரும்பு முனகிக்கொண்டு அசைந்தது. இத்தனை வருடமும் பக்கவாட்டில் ஓடி மறைந்த கடைகளும் மரங்களும், முதல் தடவையாக, நேராக அவளை நோக்கி வந்துகொண்டிருந்தன.

"கொஞ்சம் மெதுவாக," என்றார் ஸ்தாவ்ரோஸ்.

அவள் மெதுவாக்கினாள். மிகக் கொஞ்சம்தான்.