திரைக்கு வெளியே நிற்க வைத்தார்கள்

படுத்துக்கிடக்கிற மனிதனைப் பார்த்துக்கொள்ள என்ன பெரிய படிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். போன மாதம்கூட ஒரு கல்யாணப் பந்தியில் ஒருத்தி அப்படிச் சொன்னாள். மாமியாருக்கு ஆள் வைத்திருக்கிறாளாம். "சும்மா சோறு ஊட்டிக் கழுவி விடுறதுதானே, யார் வேணாலும் செய்யலாம்லா" என்றாள். பாயசத்தை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் வழியெல்லாம் கிண்டல் செய்தார், பாயசம் என்ன பாவம் செய்தது என்று. செய்யட்டும். என் அக்காவுக்கு நடந்தது அவருக்கும் தெரியும்.

அக்கா ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டிக்கொண்டிருந்தவள். அத்தான் காய்ச்சலில் போனபிறகு, பள்ளிக்கூடம் போகிற வயதில் இருந்த பெண்ணைக் கையில் பிடித்துக்கொண்டு மலாக்கா டவுனுக்கு வந்தாள். காஜா பேராங்கில் ஒரு பலகை வீட்டில் சமையலுக்கு ஆள் தேடினார்கள். வீட்டில் ஒரு பெரியவர், அவருடைய மகன், மருமகள், அவ்வளவுதான். மகன் சர்க்கார் ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி. அக்காவுக்குப் பின்பக்கம் ஓர் அறை கொடுத்தார்கள். அங்கேயிருந்து பிள்ளை நடந்தே தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குப் போய்வந்தது. வேலை போனால் அறை போகும். அறை போனால் பிள்ளையின் படிப்பு போகும். அதற்குப்பிறகு மறுபடியும் தோட்டம்தான், மாமியார் வீட்டு ஏச்சுப் பேச்சுதான். அக்கா இதை என்னிடம் சொல்லாத வாரம் கிடையாது.

பெரியவர் ஜாலான் பெண்டஹாராவில் ஒரு ஜவுளிக்கடையில் ஆயுசு முழுக்க நின்று துணி கிழித்துக் கொடுத்தவர். நாடு சுதந்திரம் அடைந்த வருஷம், மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால், கடையிலேயே சாய்ந்து விழுந்தார். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் அந்த ஆஸ்பத்திரி சமையல்கட்டில்தான் வேலை செய்துகொண்டிருந்தேன். சோற்று வண்டியை வார்டு வார்டாகத் தள்ளிக்கொண்டு போவது என் பொறுப்பு. அதனால் நடந்தது எல்லாவற்றையும் என் கண்ணாலேயே பார்த்தேன்.

அக்கா தினமும் பார்க்கிற நேரத்துக்கு வந்துவிடுவாள். மகனும் மருமகளும் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்து எட்டிப்பார்த்துவிட்டுப் போவார்கள். நோயாளியைத் திருப்பிப் படுக்கவைப்பது, துடைப்பது, முதுகைத் தட்டிவிடுவது என்று நர்ஸ் மிஸ்ஸிமார் எதைத் தொடங்கினாலும் முதலில் கட்டிலைச் சுற்றிப் பச்சைத் திரையை இழுத்துவிடுவார்கள். "வெளியாட்கள் எல்லாம் வராந்தாவுக்குப் போங்க" என்பார்கள். அக்கா வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். திரை திறக்கும்போது பெரியவர் சுத்தமாக, பவுடர் போட்டு, அடுத்த பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். ஒருநாள் அக்கா ஆசையாகக் கேட்டாள், "எப்படி மிஸ்ஸி இவ்வளவு கனமான ஆளை ரெண்டு பேரே திருப்புறீங்க?" அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "அது எங்க வேலைம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவளுக்கு அப்படித்தான் பழக்கியிருந்தார்கள்.

இடையில் பெரியவருக்கு ஒரே ஒரு வார்த்தை திரும்பி வந்தது. "சரி." எது கேட்டாலும் சரி. வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம். மகன் ஆபீஸில் போய் அப்பா பேச ஆரம்பித்துவிட்டார் என்று சொல்லிக்கொண்டானாம். அது பேச்சு இல்லை என்று ஆஸ்பத்திரியில் ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்லவில்லை.

வீட்டுக்கு அனுப்பின அன்று வார்டு சிஸ்டர் சொன்னது ஒரே வாக்கியம். "ஜாக்கிரதையா பார்த்துக்குங்க." மகன் தலையாட்டினான். டாக்சியில் ஏற்றும்போதே அக்காவிடம் திரும்பி, "இனிமே அப்பாவையும் நீயே பார்த்துக்க" என்றான். சமைக்க வந்தவள் தலையில் ஒரு முழு மனிதனைக் கட்டியாயிற்று. கட்டினவனுக்குத் துளி உறுத்தல் இல்லை. சாயங்காலம் சட்டையை மாற்றிக்கொண்டு பந்து விளையாடப் போய்விட்டான்.

அக்கா முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் வயிறு எரிந்தது. அவள் பெரியவருக்குச் சவரம் செய்துவிட்டாள், நகம் வெட்டினாள், குளிப்பாட்டித் திருநீறு பூசிச் சாலை தெரிகிற ஜன்னல் பக்கமாகச் சாய்த்து உட்காரவைத்தாள். தன்னுடைய பழைய சேலைத் துண்டுகளை அவருடைய இடது கையில் கொடுப்பாள். அவர் விரலால் கரையைத் தடவித் தடவிப் பார்ப்பார். "என்ன ஐயா, நல்ல சரக்கா, ஏமாத்திட்டானா?" என்று கேட்பாள். அவர் "சரி" என்பார். அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். அந்த வீட்டில் அவரோடு பேசியவள் அவள் ஒருத்திதான்.

மழை பிடித்துக்கொண்டது. பெரியவரின் வலது கால் எப்போது தொட்டாலும் சில்லென்று இருந்தது. பக்கத்து வீட்டில் ஒரு மலாக்கா செட்டி அம்மாள் இருந்தார். நம் சாமியைத்தான் கும்பிடுவார்கள், ஆனால் வீட்டில் பேசுவது மலாய். அந்த அம்மாள் வந்து காலைத் தொட்டுப்பார்த்து, "காக்கி சுடா சீஜுக்" என்று உச்சுக்கொட்டினார். கால் குளிர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதற்கு அந்தப் பக்கத்து வீடுகள் எல்லாவற்றிலும் ஒரே வைத்தியம்தான். பிள்ளை பெற்றவளுக்குச் செய்வார்களே, கரி அடுப்பில் ஆற்றுக்கல்லைச் சுடவைத்து, மெங்குடு என்கிற நுணா இலையில் பொதிந்து, பழைய சாரோங் துணியைச் சுற்றி வயிற்றிலும் இடுப்பிலும் ஒற்றுவது. காஜா பேராங்கில் மலாய்க்காரி, செட்டி, தமிழச்சி என்று பேதமில்லாமல் எல்லாரும் செய்துகொண்டது அது. பிள்ளை பெற்ற இடுப்புக்குச் சூடு போதுமா அதிகமா என்று தெரியும். அதிகமானால் அவளே கத்துவாள். அதனால் அந்தக் கல்லால் யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. அந்த அம்மாள் நல்ல மனசோடு தன் வீட்டுக் கல்லையே கொண்டுவந்து கொடுத்தார்.

மருமகள்தான் அடுப்பில் கரி போட்டு ஊதிக் கொடுத்தாள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு அவளுக்கு அது மறந்துபோய்விட்டது. அக்கா கல்லைத் துணியில் சுற்றித் தன் மணிக்கட்டில் வைத்துப்பார்த்தாள். பொறுக்கிற சூடுதான். பெரியவரின் கெண்டைக்காலுக்கு அடியில் வைத்தாள்.

"சூடு போதுமா ஐயா?"

"சரி."

"எடுத்துடட்டுமா, இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமா?"

"சரி."

முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. அப்படியே கண் அயர்ந்துவிட்டார். சுகமாக இருக்கிறது போலும் என்று அக்கா விட்டுவிட்டுச் சோறு வடிக்கப் போனாள். கல் தானாக ஆறும்வரை அங்கேயே கிடந்தது. அந்தக் காலுக்கு உணர்ச்சியே இல்லை என்பதும், பொறுக்கிற சூடும் அதிக நேரம் இருந்தால் அந்தத் தோலைச் சுட்டுவிடும் என்பதும், அவருடைய "சரி" கேள்விக்குப் பதிலே இல்லை என்பதும் அவளுக்கு எப்படித் தெரியும்? யார் சொன்னார்கள்?

கொப்புளம் புண்ணாயிற்று. அவருக்குச் சர்க்கரை வியாதியும் இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் கால் கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வார்டு சிஸ்டர் எல்லார் முன்னாலும் அக்காவைக் கிழித்தார். "யார் உன்னைக் கல்லை வைக்கச் சொன்னது? அறிவில்லையா உனக்கு?" அக்கா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். அவள் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "வைக்கக்கூடாதுன்னு யாரும் சொல்லலையேம்மா." மகன் போலீஸில் சொல்லி உள்ளே தள்ளுவேன் என்று குதித்தான். மருமகள் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கரியை ஊதின வாய் அன்றைக்கு அடைத்துப்போயிருந்தது.

போலீஸுக்கு அவன் போகவில்லை. போனால் நீ அப்பனை எத்தனை தடவை தொட்டுத் தூக்கினாய் என்று கேட்டிருப்பார்கள். ஆனால் அன்று சாயங்காலமே அக்காவின் தகரப்பெட்டி வாசலில் கிடந்தது. சுதந்திரத்துக்குக் கட்டின தோரணங்கள் நனைந்து சாலையோரம் தொங்கிக்கொண்டிருந்தன. அக்கா ஒரு கையில் பெட்டியும் ஒரு கையில் பிள்ளையுமாக செமாபோக்கில் எங்கள் ஒற்றை அறைக்கு வந்து சேர்ந்தாள். பிள்ளையின் பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது. நாடு நம் கைக்கு வந்துவிட்டது என்று ஊரெல்லாம் பேச்சு. யார் கைக்கு வந்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றியது.

பெரியவரை மறுபடியும் வீட்டுக்கு அனுப்புகிற நாள் வந்தது. தெங்கேராவிலிருந்து தூரத்துச் சொந்தக்காரப் பெண் ஒருத்தியைப் பார்த்துக்கொள்ளக் கூட்டிவந்திருந்தார்கள். அதே பச்சைத் திரை. அதே வராந்தா. அந்தப் பெண் நம் அக்கா உட்கார்ந்த அதே பெஞ்சில் மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கும் அந்த "ஜாக்கிரதையா பார்த்துக்குங்க" மட்டும்தான் கிடைக்கப்போகிறது என்று தெரிந்ததும் எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. சோற்று வண்டியை வார்டு நடுவிலே நிறுத்திவிட்டு சிஸ்டர் முன்னால் போய் நின்றேன்.

"இந்தப் பொண்ணுக்கும் சொல்லிக் கொடுக்காமலே அனுப்பப் போறீங்களா?"

"ஏம்மா, நீ சோத்து வண்டியைப் பாரு."

"எங்க அக்கா தெரியாமத்தானே செஞ்சா? தெரிஞ்ச நீங்க ஏன் சிஸ்டர் சொல்லல?"

அவர் களைத்துப்போயிருந்தார். வார்டு நிரம்பி, தரையில்கூடப் பாய் போட்டிருந்த நாள். "படிச்சு சர்ட்டிபிகேட் வாங்கினவங்களுக்குத்தான் இதெல்லாம் சொல்லிக் கொடுக்கலாம். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா எங்க தலைதான் உருளும். படிக்காதவங்களுக்குச் சொல்லிக் கொடுக்க இங்க ரூல் இல்லை" என்றார்.

"படிக்காதவங்க கையில ஆளைத் தூக்கிக் கொடுக்க மட்டும் ரூல் இருக்கா?"

என் குரல் வார்டு முழுக்கக் கேட்டிருக்கும். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். போனால் போகட்டும் என்று இருந்தது. சிஸ்டர் என்னையே பார்த்தார். பிறகு வராந்தா பக்கம் திரும்பி, "ஏம்மா, நீ உள்ள வா" என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டார்.

நான் சோறு போட்டுக்கொண்டே காதைக் கொடுத்துக் கேட்டேன். எந்தப் பக்கம் முழங்காலை மடக்கித் திருப்பவேண்டும், எங்கே தலையணை வைக்கவேண்டும், உணர்ச்சி இல்லாத பக்கம் எந்தச் சூடும் கூடாது, தண்ணீரை முதலில் உன் முழங்கையில் ஊற்றிப் பார், அவர் சரி என்று சொன்னால் நம்பாதே, அது மூளையில் அடிபட்டுத் தானாக வருகிற வார்த்தை, முகத்தைப் பார், இடது கையைப் பிடித்து அமுக்கச் சொல்லிக் கேள். அவ்வளவுதான். அந்தப் பெண் எல்லாவற்றையும் ஒருமுறை செய்துகாட்டினாள். நான் பாதி வார்டுக்குச் சோறு போட்டு முடிப்பதற்குள் பாடம் முடிந்துவிட்டது.

எனக்கு ஆத்திரம் தணியும் என்று நினைத்தால் இரண்டு மடங்காயிற்று. இவ்வளவுதானா? ஒரு மனிதனின் காலும், ஒரு பிள்ளையின் படிப்பும், ஒருத்தியின் பிழைப்பும் இவ்வளவு நேரத்துக்கா போயின? மலை மலையாக வேலை இருந்தது, நேரமில்லை என்று சிஸ்டர் சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன்.

நான் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பும்போது சிஸ்டர் மெதுவாக, "உன் அக்காவையும் வரச்சொல்லு. நானே சொல்லிக் கொடுக்கிறேன்" என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் சொன்னார். செமாபோக்கிலேயே ஒரு வீட்டில் படுத்துவிட்ட அம்மாவுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள், பிள்ளையோடு தங்க இடமும் தருவார்கள். நான் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முழுக்கக் கேட்டாள்.

"வேணாம்டி" என்றாள். "இனிமே நான் யாரையும் தொடமாட்டேன்."

கெஞ்சினேன், திட்டினேன், என் வீட்டுக்காரரை விட்டுப் பேசவைத்தேன். அவள் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவப் போனாள்.

அடுத்த வருஷம் எனக்குக் கடுமையான காய்ச்சல். வீட்டுக்காரர் லோரியோடு வெளியூர் போயிருந்தார். மத்தியானம் அனல் பறக்கக் கிடந்தேன். "அக்கா, ஒரு ஈரத்துணி போடேன்" என்றேன். சின்ன வயதில் எனக்கு எந்தக் காய்ச்சல் வந்தாலும் ராப்பகலாகப் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியில் துணி மாற்றியவள் அவள்தான். எழுந்து போய்த் துணியை நனைத்துப் பிழிந்து கொண்டுவந்தாள். பாய்க்குக் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டு கையை மட்டும் நீட்டினாள்.

"நீயே வெச்சுக்கடி. ரொம்ப ஜில்லுனு இருக்கான்னு எனக்குத் தெரியல."

துணியை வாங்கி நானே நெற்றியில் போட்டுக்கொண்டேன்.