காணிக்கை படைத்த பிறகும் என் பெயரைச் சொல்லுங்கள்

கர்த்தருக்குள் அன்பான சகோதரிகளே, நான் ஏசுவடியாள். சாத்தான்குளத்துக்கு மேற்கே பனங்காட்டுக்குள் எங்கள் ஊர். அழகாகச் சாட்சி சொல்ல எனக்கு வராது. கோபத்தோடுதான் தொடங்கப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

டில்லியில் ராஜாவுக்கு முடிசூட்டின வருஷம் என் இடது மார்பில் கட்டி வந்தது. பற்றுப் போட்டோம், ஜெபித்தோம். அது பாட்டுக்கு வளர்ந்தது. கடைசியில் என் வீட்டுக்காரர் வண்டி கட்டி, தாமிரபரணியைத் தாண்டி மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். புற்று என்றார் டாக்டரம்மா. மயக்க மருந்து கொடுத்து மார்பையே எடுத்துவிட்டார்கள். பிழைத்தேன். அதற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், மனதாரச் சொல்லுகிறேன்.

ஆனால் என் உபத்திரவம் பிழைத்து வந்த பிறகுதான் ஆரம்பித்தது.

ஊர் திரும்பிய முதல் ஞாயிற்றுக்கிழமையே கோயிலில் ஸ்தோத்திரக் காணிக்கை படைத்தார்கள். வாழைத்தார், தேங்காய், ஒரு சேவல். பிரசங்கத்தின் நடுவே சேவல் கூவியது. எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். உள்ளே மட்டும் வெறுமையாக இருந்தது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வியாழக்கிழமை பெண்கள் ஜெபக்கூட்டத்தில், கஷ்டப்படுகிறவர்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லி ஜெபிப்போம். காணிக்கை படைத்துவிட்டால் அந்தப் பெயரை விட்டுவிடுவோம். ஆண்டவர் செய்து முடித்ததை மறுபடி கேட்பது அவிசுவாசம் என்று எண்ணம். ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வாரந்தவறாமல் ஒலித்த என் பெயர், வீடு வந்ததும் நின்றுபோனது. எனக்கோ அப்போதுதான் ஜெபம் வேண்டியிருந்தது.

சோறு இறங்கவில்லை. அடுப்பில் உலை கொதித்து வழிந்தாலும் பார்த்துக்கொண்டே இருப்பேன். மற்ற மார்பிலும் கட்டி வந்துவிட்டதோ என்று தடவித் தடவிப் பார்ப்பேன். ரவிக்கைக்குள் பழைய துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு, அது நழுவிவிடுமோ என்று குனியவே பயப்படுவேன். கிணற்றடிக்குத் தனியே போனால் என்ன செய்துவிடுவேனோ என்று எனக்கு நானே பயந்தேன். அழுதால் போதும், “உயிரு கெடச்சதே பெருசு, அழுவாத” என்பார் என் வீட்டுக்காரர். நல்ல மனுஷர்தான். ஆனாலும் அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் பாத்திரம் விளக்கிக்கொண்டே ஆண்டவரிடம் சண்டை போட்டேன். “இன்னும் எனக்குச் சுகமில்லை என்று ஒருத்தராவது ஒப்புக்கொள்ளட்டும் ஆண்டவரே. வேறொன்றும் கேட்கவில்லை” என்றேன். என் ஜெபம் அவ்வளவுதான்.

அந்த வியாழக்கிழமை கூட்டத்தில், யாருக்கு ஜெபம் வேண்டும் என்று, கூட்டத்தை நடத்தும் உபதேசியார் மனைவி கேட்டதும் எழுந்தேன்.

“எம் பேரைத் திரும்பச் சொல்லுங்கம்மா.”

“ஒனக்குத்தான் காணிக்கை படைச்சாச்சே தாயி. மறுபடி கேட்டா, ஆண்டவர் செஞ்சத இல்லன்னு சொல்லுத மாதிரி ஆவாதா?”

“நெஞ்சை அறுத்தாங்க, ஆறிட்டு. மனசு ஆறலியே! அதுக்கு யாரு ஜெபம் பண்ணுதா?” என்று கத்திவிட்டேன்.

உட்காரவும் முடியாமல், வெளியே போகவும் முடியாமல் நின்றேன். அப்போது என் வீட்டுக்காரரின் அக்காள் பொன்னம்மாள் மயினி எழுந்தாள். அழாதே என்று என்னை அதிகமாக அதட்டியவளே அவள்தான்.

“எம் பேரையும் சொல்லுங்க. காலராவுல மூத்தவன் பொழச்சான்னு காணிக்கை வச்சேன். போன ரெண்டு பிள்ளைகளுக்கு அழ என்னை ஒருத்தரும் விடல” என்றாள்.

உபதேசியார் மனைவி எழுந்து எங்கள் பக்கத்தில் வந்தார். பிறகு முழங்காற்படியிட்டு, “ஏசுவடியாள், பொன்னம்மாள்” என்று எங்கள் பெயரைச் சொல்லி அழுதார். என் ஜெபத்துக்குப் பதில் வந்துவிட்டது என்று அங்கேயே அறிந்தேன்.

மறுநாள் மத்தியானம் மயினி எங்கள் வீட்டுக்கு வந்தாள். தழும்பைக் காட்டு என்றாள். காட்டினேன். “ரொம்ப வலிச்சிருக்கும் என்னட்டி” என்றாள். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. இருவரும் அழுது தீர்த்தோம். அவள் பிள்ளைகளின் பெயரை எனக்குச் சொன்னாள். பைய பைய எனக்குச் சோறு இறங்கியது. கிணற்றுக்கு அவளோடு போய், பிறகு தனியேயும் போனேன். இன்றும் சில நாள் அந்தப் பயம் வரும். வந்தால் மயினி வீட்டுக்கு நடந்துவிடுவேன்.

சகோதரிகளே, சுகமானவள் போலச் சிரித்துக்கொண்டு யாராவது இங்கே இருந்தால், ஆண்டவரிடம் கோபமாகவாவது பேசுங்கள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார். உங்களுக்கென்று ஒருத்தியை எழுப்புவார்.

வருகிற ஞாயிறு, என் மனதுக்குக் கிடைத்த ஆறுதலுக்காகக் காணிக்கை படைக்கிறேன். இந்தமுறை சேவல் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் வியாழக்கிழமை என் பெயரை விட்டுவிடாதீர்கள்.