கல் வைக்கும் வேலை

விடுமுறைக்குப் போடிக்கு வந்த என்னை, அக்காவின் கணவர் தன் ஏலக்காய்த் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். நான் ஆராய்ச்சியாளன். டி.என்.ஏ. மேல் நடந்து போகும் ஒரு புரதத்தைத் தலை நரைக்கும் வரை படித்தவன். அந்தப் படிப்புக்கு மதிப்புக் கொடுத்து எனக்குத் தரப்பட்ட பொறுப்பு, ஜீப்புக்குக் கல் வைப்பது.

மழை பெய்தால் லோடு ஜீப்பு மலைப்பாதையில் வழுக்கும். காய் பறிக்கும் பெண்கள் பின்னால் நின்று தள்ளுவார்கள். ஒரு முழம் ஏறியதும் பின்சக்கரத்துக்கு அடியில் கல்லைச் செருக வேண்டும். இல்லாவிட்டால் ஏறியதெல்லாம் இறங்கிவிடும்.

கோடையில் பாதிச் செடி கருகிப் போன பிறகு மச்சானுக்குக் கிடைத்த முதல் பறிப்பு அது. பச்சைக் காயை அன்றைக்கே பொழுது சாய்வதற்குள் மேலே உலர்த்தும் கூடத்தில் சேர்க்காவிட்டால் வெளுத்துவிடும். வெளுத்த காயை ஏலத்தில் யாரும் சீந்த மாட்டார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டு கல்லை வைத்திருக்கலாம். பாழாய்ப் போன ஞானம் அப்போதுதான் பிறந்தது. அட, என் புரதமும் இதைத்தானே செய்கிறது! சுற்றியுள்ள தண்ணீர் மூலக்கூறுகள் அதை ஓயாமல் முன்னும் பின்னும் இடிக்கின்றன. அது ஏ.டி.பி. என்ற எரிபொருளை உடைத்து, அந்தச் சக்தியில் தன் வடிவத்தையும் பிடியையும் மாற்றி, முன்னால் வைத்த அடி பின்னால் நழுவாமல் பூட்டிக்கொள்கிறது.

"இங்க பாருங்க, இப்படித்தான்..." என்று தள்ளிக்கொண்டிருந்தவர்களுக்கு விளக்கத் தொடங்கினேன். கல்லைப் புரதமாக்கி உயரத் தூக்கிக் காட்டினேன்.

"மாப்ளே, கல்லு! வெரசா வையி!" என்று மச்சான் கத்தினார்.

பெண்கள் அலறிக்கொண்டு விலகினார்கள். ஜீப்பு சரசரவென்று பின்னால் வந்து ஓடைக்குள் உட்கார்ந்தது. மூட்டைகள் சேற்றில் உருண்டன. கல் மட்டும் பத்திரமாக என் கையில் இருந்தது.

இன்னொரு ஜீப்பு வந்து இழுத்து, காயை அலசிக் கூடத்தில் சேர்ப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. மறுநாள் காய் வெளுத்துத்தான் வந்தது. மச்சான் ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். அதைத் திரும்பப் போட்டுவிட்டு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

வீட்டில் எல்லாவற்றையும் கேட்டு முடித்த அக்கா, எனக்குச் சோறு போட்டபடி கேட்டாள்.

"ஏன்டா, அந்தப் புரதத்துக்குக் கல்லு வைக்கிறது யாரு?"

"அதுவே வச்சுக்கிரும்க்கா."

"அப்ப அது பொழைச்சுக்கிரும்," என்றாள். "நாங்கதான் ஒன்னைய நம்பிட்டோம்."