நூல் காட்டிய இரண்டு மணி நேரம்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான்தான். அதனால் உம்மாவின் விமானச் சீட்டு வந்ததும் வாப்பா அதை என் கையில்தான் கொடுத்தார். அப்போது எனக்குப் பத்து வயது, சைகோனில் ஐந்தாம் வகுப்பு. வாப்பா டான் சோன் நாட் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையல்காரர்.

உம்மா, தான் தூக்கி வளர்த்த தங்கையின் நிக்காஹுக்குக் காரைக்கால் கிளம்பினாள். கோலாலம்பூரில் இறங்கி, வேறு விமானம் ஏறி, சென்னை போய், அங்கிருந்து இரவோடு இரவாகக் காரில் போகவேண்டும். மறுநாள் காலையில் நிக்காஹ். இரண்டாவது விமானத்தை விட்டால் நிக்காஹையும் விட்டதுதான். தனியாகப் பறப்பது அவளுக்கு அதுவே முதல் தடவை.

பள்ளி அட்லஸை விரித்துத் தையல் நூலை சைகோனிலிருந்து கோலாலம்பூர் வரை இழுத்துப் பிடித்தேன். ஆயிரம் கிலோமீட்டர் சொச்சம். விமான வேகத்தால் வகுத்து, ஏறி இறங்குவதையும் சேர்த்தால் இரண்டு மணி நேரம். சீட்டிலோ பன்னிரண்டுக்குக் கிளம்பி மூன்றுக்குச் சேரும் என்றிருந்தது.

"மீதி ஒரு மணி நேரம் விமானம் எங்கே காப்பி குடிக்கப் போவுது?" என்றார் வாப்பாவின் தம்பி.

"மேகமெல்லாம் இருக்குல்ல சாச்சா, சுத்தித்தான் போவும்," என்றேன். அச்சடித்த தாள் பொய் சொல்லாது என்று நம்பியவள் நான்.

அடுத்த விமானம் ஆறு மணிக்கு. உம்மாவுக்கு எழுத்து தெரியாது. எனவே ஒரு மணி நேரம் முன்னதாகவே எழுந்து போகட்டும் என்று ஒரு தாளில் கடிகாரம் வரைந்து, சின்ன முள்ளை ஐந்தில் வைத்தேன். வாப்பாவின் கைக்கடிகாரத்தை அவள் கையில் கட்டிவிட்டு, "முள்ளு இப்படி வர்ற வரைக்கும் உட்காந்திரு. யாரு கூப்பிட்டாலும் போகாதே," என்றேன்.

"சரிங்க டீச்சரம்மா," என்றாள்.

மறுநாள் காரைக்காலிலிருந்து போன் வந்தது. "நீ வரைஞ்சு குடுத்த மாதிரியேதான் எழுந்து போனேன். நல்லபடியா வந்து சேந்துட்டேன்," என்றாள் உம்மா. சாச்சாவிடமும் அதையே சொல்லவைத்தேன். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் தமிழிலும் வியட்நாமியத்திலும் என் கணக்கின் பெருமையைச் சொன்னேன்.

எட்டாம் வகுப்பில் நேர மண்டலம் நடத்தினார்கள். கோலாலம்பூர் கடிகாரம் நம்முடையதைவிட ஒரு மணி நேரம் முந்தி ஓடுகிறதாம். சீட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்களாம். அப்படியென்றால் நூல் சொன்னதுதான் சரி. உம்மாவின் கையில் ஐந்து ஆகும்போது அங்கே ஆறு. விமானம் கிளம்பியிருக்கும்.

வீட்டுக்கு ஓடிவந்து கேட்டேன். உம்மா மீன் அலசிக்கொண்டிருந்தாள்.

"தொழுகை ரூம்புல ஒரு மலாய்க்காரம்மா இருந்துச்சு. சீட்டக் காட்டினேன். பார்த்ததும் என் கையைப் புடிச்சுக்கிட்டு ஓட ஆரம்பிச்சிடுச்சு."

"யாரு கூப்பிட்டாலும் போகாதேன்னு சொன்னேனே."

"அதனாலதான் நானே போய் அதக் கூப்பிட்டேன்."

"அப்போ போன்ல ஏம்மா பொய் சொன்னே?"

உம்மா மீனைத் திருப்பிப் போட்டாள். "பொம்பளப் புள்ளைக்கு அஞ்சாவது போதும், நிறுத்திடுன்னு நிக்காஹ் வீட்டுல ஒரே பேச்சு. போன் பேசறப்ப அவுங்க எல்லாரும் பக்கத்துலதான் உட்காந்திருந்தாங்க."

அன்று உம்மா என்னோடுதான் பேசினாள் என்று மூன்று வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.